விண்டோஸ் யுஏசி: நல்ல பூட்டு, பாதி திறந்தபடி தருகிறார்கள்

2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு கடைக்கு வந்த யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் (யுஏசி) பலருக்கு இன்றும் 'யெஸ்' அழுத்தித் தள்ளும் தொல்லைதான். ஆனால் அதன் வேலை உருப்படியானது. அட்மின் கணக்கில் உள்நுழைந்திருந்தாலும் நிரல்களுக்குக் குறைந்த உரிமையே கிடைக்கும்; முழு உரிமை வேண்டுமென்றால் திரை மங்கி, அனுமதி கேட்கும்.

சொதப்பல் டீஃபால்ட் அமைப்பில். விஸ்டாவின் நச்சரிப்புக்கு வந்த புகார்களால் விண்டோஸ் 7-இல் நான்கு நிலை ஸ்லைடர் வைத்தார்கள். மேலிருந்து இரண்டாவதுதான் டீஃபால்ட். அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட்டின் சில நிரல்கள் கேட்காமலே முழு உரிமை பெறும். அவற்றில் ஒன்றான ஃபாட்ஹெல்பர், ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பயனரே மாற்றக்கூடிய ஒரு பகுதியைப் படிக்கிறது. அங்கே தீம்பொருள் தன் பெயரை எழுதிவைத்தால் திரை மங்காமலே அட்மின் ஆகிவிடும். ஸ்லைடரை உச்சிக்கு ஏற்றினால் இந்த வழி அடைபடும்.

அதைவிட உறுதியானது, அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ப் புதுக் கணக்கு ஒன்று உருவாக்கி அதை அட்மின் ஆக்குங்கள். பிறகு அதில் உள்நுழைந்து, பழைய கணக்கை அங்கிருந்தே ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். புதுக் கணக்கின் கடவுச்சொல் சரிதானா என்பதும் இதில் தெரிந்துவிடும். வேறு அட்மின் இல்லாமல் இருக்கிற ஒரே கணக்கைத் தாழ்த்தினால், அனுமதிப் பெட்டியில் 'யெஸ்' அழுத்தவே முடியாது; மீட்பது பெரும்பாடு.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஸ்டாண்டர்டு கணக்கிலிருந்து அட்மின் கடவுச்சொல் கொடுத்துத் திறக்கும் நிரல் அட்மினின் பெயரில்தான் ஓடும். ஆகவே அது சேமிக்கும் அமைப்புகள் அட்மினின் புரொஃபைலுக்குப் போகும், நீங்கள் மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் அதற்குத் தெரியாது. 'இன்ஸ்டால் செய்தேன், காணவில்லை' என்ற புலம்பலில் பாதி இதுதான்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வந்த சூடோ, அதாவது ஒரு கட்டளையை முழு உரிமையோடு ஓட்டும் வசதி, கட்டளைச் சாளரத்தில் வேலை செய்பவர்களுக்கு உதவும். அதன் மூன்று முறைகளில், புதுச் சாளரம் திறக்கும் டீஃபால்ட்டை அப்படியே விடுங்கள். இன்லைன் முறையில் முழு உரிமை நிரலும் சாதாரணச் சாளரமும் ஒரே உள்ளீட்டைப் பகிர்வதால், உரிமையில்லாத நிரல் அதற்குள் கட்டளை நுழைக்க வாய்ப்புண்டு.