வெயில் மலையில் ஆறு வருஷம்: நாய்க்கழுத்து ஜிபிஎஸ் பட்டை

வேட்டை நாயின் கழுத்தில் கட்டும் ஜிபிஎஸ் பட்டையை வாங்கும்போது, மலைச்சிங்கம் ஏறி நிற்கும் மரத்தடிக்கே அது என்னைக் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைத்தேன். ஆறு வருஷத்தில் அப்படிக் கொண்டுபோனது ஏழு தடவை. “போதும், நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ” என்று சொன்னதுதான் அதிகம், எழுபதுக்குக் குறையாது. காசு வீணா என்றால் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அரிசோனாவில், டூசான் ஊரில். சுற்றிலும் மலை. சாண்டா கேட்டலினா, சாண்டா ரீட்டா, கொஞ்சம் தள்ளிப்போனால் கலியூரோ. அடிவாரத்தில் ஆளுயரக் கள்ளி, ஏற ஏற ஓக், ஜூனிப்பர், உச்சியில் பைன். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷமாக நாய்களை வைத்துக்கொண்டு இந்த மலைகளில் அலைகிறவர். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் அவரோடு போனேன். அப்புறம் ஒரு குட்டி கொடுத்தார், அடுத்த வருஷம் இன்னொன்று. ஒன்று கருப்பன், பிளாக் அண்ட் டான் ஜாதி. மற்றது மணி, வாக்கர் ஜாதி. அமெரிக்க நாய்க்கு இதென்ன பெயர் என்று கேட்பவர்கள் உண்டு. கூப்பிட்டால் வருகின்றன, அது போதும்.

மலைச்சிங்கம் என்பது பெயரளவில்தான் சிங்கம், உண்மையில் ஒரு பெரிய பூனை. பூமா, கூகர் என்பதும் இதுவேதான். கர்ஜிக்காது, பூனை மாதிரி உறுமிக்கொண்டு கிடக்கும். பாய்ச்சலில் மின்னல், ஆனால் நெடுநேரம் ஓட முடியாது. நாய்கள் கிட்டத்தில் வந்துவிட்டால் மரத்தில் ஏறும், இல்லாவிட்டால் பாறை இடுக்கில் முதுகைக் கொடுத்து நிற்கும். இந்த வேட்டையே அந்த மூச்சுக் குறைவை நம்பித்தான்.

ஊரில் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரிய நாளாகும். அவை கண்ணால் பார்த்து விரட்டுபவை, சில நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இவை மூக்கை நம்பி நடப்பவை. விலங்கின் வாலைக்கூடப் பார்க்காமல் ஐந்து மணி நேரம் ஒரு வாசனையின் பின்னால் போகும். வடக்கே ஐடஹோ, மொன்டானா பக்கம் பனி விழுந்த மறுநாள் தடம் அச்சடித்த மாதிரி கிடக்கும். மனிதனே பார்த்துப் பின்தொடரலாம். இங்கே பனி அபூர்வம். காய்ந்த தரை, பாறை, சரளை. ராத்திரி இரண்டு மணிக்குப் பூனை நடந்து போன பாறையை, காலை ஐந்து மணிக்கு நாய் முகர்ந்து “ஆமாம், இங்கேதான்” என்று சொல்ல வேண்டும். சொல்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அந்த வாசனைக்கு ஆயுள் குறைவு. ராத்திரி குளிர்ந்த காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், நிழலும் ஈரமும் சேர்ந்து வாசனையைப் பிடித்து வைக்கும். வெயில் சரிவில் விழுந்ததும் காற்று சூடாகி மேலே ஏறும், வாசனையும் அதோடு கலைந்துவிடும். போதாக்குறைக்கு வெப்பத்தில் நாய் வாயைத் திறந்து இளைக்கிறது. இளைக்கிற நாயால் ஒழுங்காக முகர முடியாது. மழைக்காலம் ஜூலையில்தான் வரும். அதற்கு முந்தைய மே, ஜூன் நம் கத்திரி வெயிலுக்குச் சற்றும் சளைத்ததல்ல. வியர்வை மட்டும் கசகசக்காது, தோலிலேயே காய்ந்துவிடும். அதனால்தான் எவ்வளவு தண்ணீர் போனது என்றே நமக்குத் தெரிவதில்லை.

சரி, கருவிக்கு வருவோம். கையடக்கக் கருவி ஒன்று, பட்டை இரண்டு, எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, குறையும் எழுதப் போகிறேன் என்பதால். பட்டை தன் இடத்தைச் செயற்கைக்கோளிடம் கேட்டு, ரேடியோ அலையில் என் கைக்கு அனுப்பும். செல்போன் கோபுரம் தேவையில்லை. திரையில் வரைபடம், அதன்மேல் கருப்பனுக்கு ஒரு கோடு, மணிக்கு ஒரு கோடு. ஓடுகிறதா, உட்கார்ந்திருக்கிறதா, மரத்தடியில் தலையைத் தூக்கிக் குரைக்கிறதா என்று குட்டிப் படமாகவும் காட்டும்.

பதினான்கு கிலோமீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. முகட்டில் நின்றால், நாயும் எதிர் முகட்டில் நின்றால் எட்டலாம். நாய் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டால் இரண்டு கிலோமீட்டரிலேயே கோடு நின்றுபோகும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ரேடியோ அலை பாறைக்குள் புகாது, அதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேட்டில் ஏறினால் திரும்ப வரும். முதல் வருஷம் அந்தக் கேள்விக்குறிக்காக நான் ஏறிய மேடுகளைக் கணக்குப் போட்டால் ஒரு பழநி யாத்திரை தேறும்.

பெரியவர் திரையைப் பார்ப்பதில்லை. கோவேறு கழுதையை நிறுத்துவார், தொப்பியைக் கழற்றுவார், காதைத் திருப்புவார். பழைய தடத்தில் நாய் விட்டுவிட்டு ஒற்றைக் குரல் கொடுக்கும். பூனையைக் கிளப்பிவிட்டால் குரல் தொடர்ச்சியாகும். மரத்தில் ஏற்றிவிட்டால் வெட்டு வெட்டாக, தாளம் தப்பாமல் குரைக்கும். என் திரை மாறுவதற்கு முன்னால் அவர் முகம் மாறும்.

திரை சொல்லாத இன்னொன்றும் உண்டு. பழைய தடத்தில் நாய் சில நேரம் பின்னோக்கிப் போகும், பூனை வந்த வழியே. முகர்ந்து திசை கண்டுபிடிக்கிற அளவுக்கு வாசனை மிச்சமிருக்காது. இரண்டாம் வருஷம் பிப்ரவரியில், கருப்பனின் கோடு அம்பு மாதிரி நேராகப் போவதைப் பார்த்து நான் குதித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கழுதையிலிருந்து இறங்கி, ஓடை மணலில் மண்டியிட்டு, விரலால் காட்டினார். மூன்றங்குல அகலத்தில் ஒரு காலடி. நகக்குறி இல்லை, குதிமெத்தையின் பின்விளிம்பில் மூன்று வளைவு. விரல்கள் எங்களைப் பார்த்திருந்தன. “உன் நாய் அது நேற்று சாப்பிட்ட இடத்துக்குப் போகிறது” என்றார். இரண்டு மணி நேரம் போச்சு. கோடு நாயின் கோடுதான், பூனையின் கோடு இல்லை.

நாய்கள் எதை மடக்கியிருக்கின்றன என்பதும் திரைக்குத் தெரியாது. 1996 மார்ச்சில், இங்கிருந்து கிழக்கே பெலோன்சீயோ மலையில் வார்னர் கிளென் என்ற பண்ணைக்காரரின் நாய்கள் பாறைமேல் ஒன்றை மடக்கி நின்றன. மலைச்சிங்கம் என்று போய்ப் பார்த்தால் ஜாகுவார். அவர் சுடவில்லை, படம் எடுத்துவிட்டு நாய்களைப் பிரித்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கத்தில் நாய் வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். நானும் கேமரா இல்லாமல் மலை ஏறுவதில்லை. என்னிடம் வேறெதுவும் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு தடவையும் பார்த்தோம், படம் எடுத்தோம், நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பெரியவர் தன் காலத்தில் சுட்டிருக்கிறார். இங்கே அது சட்டப்படி சரி. உடம்பில் புள்ளி மறையாத குட்டியையும் அதோடிருக்கும் தாயையும் மட்டும் தொடக்கூடாது. கலிஃபோர்னியாவில் 1990-இல் மக்கள் வாக்களித்து இந்த வேட்டையையே நிரந்தரமாகத் தடைசெய்துவிட்டார்கள். ஓரிகனில் 1994-இல் நாயை வைத்துத் துரத்துவது தடையானது. எந்தப் பக்கம் நியாயம் என்ற சண்டை தீராது. என் கணக்கு சின்னது: வெயிலில் துரத்தப்பட்ட பூனைக்கும் உடம்பு கொதிக்கும். மரத்தடியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

இனி, நான் மறக்க முடியாத நாள். மூன்றாம் வருஷம், ஏப்ரல் கடைசி. விடியுமுன் தடம் கிடைத்தது, நல்ல தடம். ஒன்பதே முக்காலுக்குத் திரையில் மணியின் வேகம் பாதியாகக் குறைந்திருந்தது. பார்த்தேன். கோடு இன்னும் நேராகப் போகிறதே என்ற ஆசையில் விட்டுவிட்டேன். பத்து இருபதுக்குத் திரையில், மணி “உட்கார்ந்திருக்கிறது” என்று வந்தது. கருப்பன் பக்கத்திலேயே சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நேர்க்கோட்டில் 1.6 கிலோமீட்டர். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதனால் ஒரு மணி பத்து நிமிடம்.

மணி ஜூனிப்பர் நிழலில் படுத்திருந்தது. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகத் தொங்கியது. ஈறைத் தொட்டால் பிசுபிசுப்பு. என்னைப் பார்த்து வால் ஆடவில்லை. பெரியவர் சேணப்பையிலிருந்து நூல் கட்டிய ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார், குழந்தைக்கு வைப்பது. 41.1. நாய்க்கு 38-லிருந்து 39 இருந்தால் சரி. எங்கள் குடிதண்ணீர் முழுவதையும் அதன் வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று ஊற்றித் தொப்பியால் விசிறினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர். 39.5 வந்ததும் “நிறுத்து, இன்னும் ஊற்றினால் அந்தப் பக்கம் இறங்கிப்போகும்” என்றார். கழுதைமேல் குறுக்கே போட்டுக் கொண்டுவந்து, இரண்டு நாள் டிரிப் ஏற்றி, சிறுநீரகம் தப்பியது. கருவி தன் வேலையைச் செய்தது. படிக்கத் தெரிந்தும் படிக்காதவன் நான்.

அதன்பிறகுதான் இதை ஒழுங்காகப் பயன்படுத்தவே ஆரம்பித்தேன். வேகம் குறைந்து கோடு வளைய ஆரம்பித்தால், மூக்கு தோற்கிறது, உடம்பு சூடாகிறது என்று அர்த்தம். உடனே கூப்பிடும் ஒலியை அமுக்குவேன். அந்த ஒலிக்கு வந்தால் தண்ணீரும் கறித்துண்டும் என்று வீட்டிலேயே பழக்கியது. இதே பட்டையில் சுருக்கென்று மின்சாரம் கொடுக்கும் வசதியும் இருக்கிறது, மான், காட்டுப்பன்றி மாதிரி இருக்கும் ஹவலீனா இவற்றின் பின்னால் போகாமலிருக்க. பழக்கும் காலத்தில் தொட்டேன், அப்புறம் அதிகம் தேவைப்படவில்லை.

அடுத்த நல்ல உபயோகம் தண்ணீர்ப் புள்ளிகள். பாறைக் குழி, ஊற்று, மாட்டுத் தொட்டி என்று பார்த்த இடத்தையெல்லாம் கருவியில் குறித்து வைத்தேன். இன்று 41 புள்ளி. மே மாதம் போனால் தண்ணீர் இருப்பது பன்னிரண்டில்தான். இப்போது எங்கே நாயை அவிழ்ப்பது என்று தீர்மானிப்பதே அந்தப் பன்னிரண்டை வைத்துத்தான்.

எதிர்பாராத லாபம் ஒன்று. தினம் எவ்வளவு தூரம் ஓடியது என்று கருவி எழுதி வைக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற கருப்பன் நாலாம் வருஷம் பதினான்கு, பதினொன்று, ஒன்பது என்று இறங்கினான். நொண்டல் இல்லை, லேசான இருமல்தான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வேலி ஃபீவர். இந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையின் தூசு நுரையீரலுக்குள் போய் வருவது. இங்கே நாய்களுக்குச் சகஜம். ஃபுளுகோனசோல் மாத்திரை ஒன்பது மாதம். எண்களைப் பார்க்காவிட்டால் வயசாகிறது என்று விட்டிருப்பேன்.

குறைகளும் சொல்ல வேண்டுமே. ஆண்டெனாக் கம்பியை முள்செடி தின்கிறது, ஒரு பட்டைக்கு இரண்டு தடவை மாற்றினேன். சார்ஜ் ஏற்றும் முனையில் ஈரமும் தூசும் சேர்ந்து பச்சையாகப் பூக்கும், பென்சில் ரப்பரால் தேய்த்தால் போகும். பேட்டரி புதிதில் இருபது மணி நேரம் நின்றது, நாலு வருஷத்தில் பத்தாகிவிட்டது. பட்டைக்கடியில் சோயா (cholla) என்ற கள்ளியின் முள் சிக்கிக்கொண்டால் நாய் காட்டிக்கொடுக்காது, மறுநாள் சீழ் வைத்துவிடும். வீடு வந்ததும் பட்டையைக் கழற்றிச் சீப்பால் வாரிப் பார்ப்பது என் மனைவியின் வேலை. அவள் சுத்த சைவம், இந்த மலைச்சிங்கக் கூத்தில் அவளுக்குத் துளியும் ஒப்புதல் இல்லை. முள் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

கூடவே வாங்கிய நாய்க் காலணி பற்றி ஒரு வரி: அரை மணியில் இரண்டு தொலைந்தன, மீதி அலமாரியில் இருக்கின்றன. புறங்கையைப் பாறையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக்கூடாது.

பழைய பட்டை வாங்க நினைப்பவர்கள் விலையைப் பேசுமுன் இரண்டு மணி நேரம் ஆன் செய்து வைத்து, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். எனக்கு மூன்றாவது பட்டை ஒன்று வேண்டும். பெரியவர் மார்கழியில் பிறந்த குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார், காது தரையில் இழுபடுகிறது. பெயர் இன்னும் வைக்கவில்லை. இப்போதைக்கு கருப்பனின் பழைய பட்டையை, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கனம் பழகட்டும் என்று கட்டியிருக்கிறோம். அதைக் கடிக்கத் தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது.