ஸ்கின்ஸ்: டோனி பேட்சா, எஃபி பேட்சா? ஒண்ணு மட்டும்தான் பார்க்க முடியும்னா...

போன மாசம் என் ரூம்மேட் கால்ல கட்டு போட்டுட்டு ரெண்டு வாரம் ரூம்லயே கிடந்தான். "மச்சான், நீ எப்பப் பார்த்தாலும் ஸ்கின்ஸ் ஸ்கின்ஸ்னு சொல்லுவியே, அதைப் பார்க்கலாம்னு இருக்கேன், ஆனா ஏழு சீசனெல்லாம் என்னால ஆகாது, எது பெஸ்ட்டோ அதை மட்டும் சொல்லு"ன்னான். யோசிக்காம முதல் ரெண்டு சீசன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் உறுத்துச்சு, ஏன்னா காலேஜ் படிக்கும்போது நான் முழுக்க முழுக்க ரெண்டாவது பேட்ச் கட்சி, எஃபியையும் குக்கையும் யாராவது குறை சொன்னா சண்டைக்கே போயிடுவேன். அதனால அவன்கூட உக்காந்து முதல் ரெண்டு சீசனையும் திரும்பப் பார்த்தேன், நைட்டு தனியா மூணையும் நாலையும் ஓட்டினேன். பார்த்து முடிச்ச சூட்டோட எழுதறேன். யார் சாகறாங்கங்கிற வரைக்கும் பேசப் போறேன், இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 2007 ஜனவரில பிரிட்டன்ல ஈ ஃபோர் சேனல்ல ஆரம்பிச்சு 2013 வரைக்கும் வந்த சீரியல், மொத்தம் 61 எபிசோடு. பிரையன் எல்ஸ்லி, ஜேமி பிரிட்டன்னு ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து உருவாக்கினது. பிரிஸ்டல் ஊர்ல 16, 17 வயசுப் பசங்க, நம்ம ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ வயசுன்னு வெச்சுக்கோங்க. பார்ட்டி, போதை, காதல், துரோகம், பரீட்சைன்னு அவங்க வாழ்க்கை. ரெண்டு வருஷம் ஆச்சுன்னா அந்தப் பசங்க படிப்பை முடிச்சுட்டுப் போயிடுவாங்க, அடுத்த பேட்ச் உள்ள வரும், அனேகமா எல்லா நடிகர்களும் மாறிடுவாங்க. அதனாலதான் இதை சீசன் கணக்குல பேசாம பேட்ச் கணக்குல பேசறேன். ஒண்ணு ரெண்டு டோனி பேட்ச், மூணு நாலு எஃபி பேட்ச், அஞ்சு ஆறு ஃபிராங்கி பேட்ச், ஏழாவது பழைய ஆளுங்கள்ல மூணு பேரை மையமா வெச்சு, அவங்க பெரியவங்களான அப்புறம் நடக்கிற கதை.

ரெண்டு பேட்ச்சுக்கும் பொதுவானதை சட்டுன்னு தாண்டிடறேன். நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், முதல் பேட்ச் 19 எபிசோடு, ரெண்டாவது 18. பெரும்பாலும் எபிசோடுக்கு ஒரு ஆள், அந்த வாரம் அவன் கண்ணு வழியாத்தான் கதை. டிவிடியில பாட்டு உரிமைப் பிரச்சனையால நிறைய பாட்டை மாத்திட்டாங்க, அந்தக் குறை ரெண்டுக்கும் உண்டு. நடிகர்கள் பின்னாடி எங்க போனாங்கன்னு பார்த்தா முதல் பேட்ச் கை கொஞ்சம் ஓங்கும். டோனியா வந்தது நிக்கோலஸ் ஹோல்ட், அன்வரா வந்தது தேவ் படேல் (டேனி பாய்லோட பொண்ணு இதைப் பார்த்துட்டு அப்பாகிட்ட சொல்லித்தான் ஸ்லம்டாக் மில்லியனர் அவருக்குக் கிடைச்சது), கூட்டத்துல ஒருத்தனா வர்ற டேனியல் கலூயா பின்னாடி ஆஸ்கரே வாங்கினார். அந்தப் பக்கம் ஜாக் ஓ'கானல் ஒருத்தர் போதும். ஆனா நடிகர் பெரிய ஆள் ஆனதுக்காக யாரும் சீரியல் பார்க்கப் போறதில்ல, அதை விடுங்க.

மொதல்ல ரெண்டாவது பேட்ச்சோட பலத்தை நேர்மையா சொல்லிடறேன். குக் மாதிரி ஒரு கேரக்டர் முதல் பேட்ச்ல கிடையாது. உள்ள வந்த முதல் நிமிஷத்துலேருந்து ஸ்கிரீன்ல இருக்கிற மத்த எல்லாரும் அவனைத்தான் பாப்பாங்க, நாமளும் அவனைத்தான் பாப்போம், அவன் செய்யறது அத்தனையும் தப்புன்னு தெரிஞ்சும் அவனை வெறுக்க முடியாது. அடுத்து நயோமி எமிலி காதல். ஒரு வாசக் கதவுக்கு உள்ள ஒருத்தி வெளிய ஒருத்தி, கதவுல முதுகை சாய்ச்சு உக்காந்திருப்பாங்க, பூனை போறதுக்காக கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா கையைக் கோத்துக்குவாங்க. அவ்வளவுதான் சீன். ரெண்டு பொண்ணுங்க காதலை இவ்வளவு பதட்டமில்லாம, இவ்வளவு மரியாதையா 2009ல டிவியில காட்டினது சாதாரண விஷயம் இல்ல, அதுல முதல் பேட்ச் கிட்டயே வர முடியாது. எமிலியும் கேட்டியும் நிஜத்துலயே இரட்டைப் பிறவிங்கறதால அவங்க சண்டை போடறப்ப உண்மையா ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கற மாதிரியே இருக்கும்.

முதல் பேட்ச்ல ஓட்டை இல்லாம இல்ல. ரஷ்யா டூர் எபிசோடு இப்ப பார்த்தா ரொம்பக் கார்ட்டூன் மாதிரி இருக்கு. ரெண்டாவது சீசன்ல மேக்ஸியைப் பின்னாடியே துரத்தற ஸ்கெட்ச்ங்கற பொண்ணோட கதை எனக்கு ஒட்டவே இல்ல. அன்வருக்கு தனி எபிசோடே கிடையாது, மேக்ஸிகூட பங்கு போட்டுத்தான் கிடைச்சுது, அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் வருத்தம். கேஸியோட சாப்பாட்டுப் பிரச்சனையை சில இடத்துல அழகாக் காட்டிட்டாங்களோன்னு இப்ப தோணுது, அந்த வயசுல அதைப் பார்த்து மயங்கின பொண்ணுங்க நிறைய. அப்புறம் அந்த நடிகைங்கள்ல சிலர், அவ்வளவு சின்ன வயசுல அந்த மாதிரிக் காட்சிகள்ல நடிச்சப்ப தங்களுக்கு சரியான பாதுகாப்பு இல்லன்னு பின்னாடி பேசியிருக்காங்க, அதைத் தெரிஞ்சுக்கிட்டு பார்க்கறது நல்லது.

இவ்வளவு இருந்தும் ஏன் டோனி பேட்ச்னு கேட்டா, எனக்கு ஒரே ஒரு காரணம்தான், சாவு. ரெண்டு பேட்ச்லயும் நமக்குப் பிடிச்ச ஒரு பையன் செத்துப் போறான், அங்க கிறிஸ், இங்க எஃபியோட காதலன் ஃப்ரெடி. அந்த சாவை எப்படிக் கொண்டு வந்தாங்கங்கறதுலதான் ரெண்டு பேட்ச்சோட தரமும் பிரியுதுன்னு நான் நினைக்கிறேன்.

கிறிஸ்ஸை எடுத்துக்கோங்க. முதல் சீசன் 4வது எபிசோடு. தூங்கி எழுந்து பார்த்தா அம்மா வீட்டை விட்டுப் போயிட்டாங்க, ஆயிரம் பவுண்டு பணம் மட்டும் இருக்கு. இந்த வயசுப் பையன் என்ன செய்வானோ அதைத்தான் செய்யறான், பார்ட்டி. பணம் கரையுது, வீடும் கையை விட்டுப் போகுது, கடைசில உடம்புல ஒட்டுத்துணி இல்லாம தெருவுல நடந்து போறான். மொத தடவை பார்த்தப்ப அது காமெடி எபிசோடுன்னு நினைச்சு சிரிச்சேன், இப்ப சிரிக்க முடியல. அவன்கூடப் பிறந்த பீட்டர் செத்துப் போனவன், குடும்பத்துல வர்ற மூளை ரத்தக்கசிவு, அந்த நிழல் அப்பவே அவன் மேல விழுந்தாச்சு. அடுத்த சீசன்ல காலேஜ்லேருந்து துரத்திடறாங்க, அப்பதான் அவன் காதலிக்கப் போற ஜாலும் அவனும் ஒரு ஒப்பந்தம் போடறாங்க, அவன் ஒழுங்கா வேலைக்குப் போய் உருப்படணும், அவ எதுக்கெடுத்தாலும் மாட்டேன்னு சொல்றதை விடணும். வீடு வித்துக் கொடுக்கிற கம்பெனில டை கட்டிட்டு வேலைக்குப் போறான் பாருங்க, அந்த முகத்துல இருக்கிற பெருமை! அப்பத்தான் அந்த நோய் வருது, 9வது எபிசோடுல கேஸி கண் முன்னாடியே போயிடறான். ரெண்டு சீசனா போட்டு வெச்ச விதை. அதிர்ச்சியா இருக்கும், ஆனா ஏமாத்திட்டாங்கன்னு தோணாது.

சாவுக்கப்புறம் என்ன நடக்குதுங்கறதுதான் இன்னும் முக்கியம். கிறிஸ்ஸோட அப்பா இந்தப் பசங்க யாரும் அடக்கத்துக்கு வரக் கூடாதுன்னு சொல்லிடுவார். டோனியும் அவன் நண்பன் சிட்டும் சவப்பெட்டியையே தூக்கிட்டுப் போறதும் அப்புறம் திருப்பிக் கொடுக்கறதும் நடக்கும். கடைசில எல்லாரும் தூரத்துல நின்னுக்கிட்டு அங்க நடக்கிற அடக்கத்தைப் பார்த்துட்டிருப்பாங்க, ஜால் அங்கயே நின்னு பேச ஆரம்பிப்பா. கிறிஸ் நல்லவன் வல்லவன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. கிறிஸ்ஸோட ஹீரோ ஜோ கிட்டிங்கர் பத்தி சொல்லுவா, 1960ல பலூன்ல ஏறி விண்வெளி விளிம்பு வரைக்கும் போய் அங்கேருந்து குதிச்ச அமெரிக்க விமானப்படைக்காரர், ஒரு லட்சம் அடிக்கும் மேல. ஒரு மனுஷன் ஏன் அப்படிக் குதிக்கணும்? கிறிஸ் யாருன்னு அந்த ஒரு கதைலயே நமக்குப் புரிஞ்சிடும். என் ரூம்மேட் அந்த சீன் முடிஞ்சதும் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சுவத்தையே பார்த்துட்டிருந்தான், நானும் ஒண்ணும் பேசல.

இதே சீசன்ல சிட்டோட அப்பா சாவும் வருது, பீட்டர் கபால்டி நடிச்சது. காலைல சிட் வந்து பார்த்தா அப்பா நாற்காலில உக்காந்த வாக்குலயே போயிருக்கார். சிட் அழல. யார்கிட்டயும் சொல்லாம காலேஜுக்குப் போறான், நாள் பூரா ஒண்ணுமே நடக்காத மாதிரி திரியறான். நைட்டு ஒரு பாட்டுக் கச்சேரிக் கூட்டத்துல, காது கிழியற சத்தத்துக்கு நடுவுல டோனிகிட்ட மட்டும் சொல்றான். அந்த டோனி யாரு? முதல் சீசன்ல சிட்டை காலுக்கடியில போட்டு மிதிச்சவன், பஸ் மோதி மூளையில அடிபட்டு தன் பேரை எழுதவே திணறிட்டிருக்கிறவன். அவன்தான் சிட்டை இழுத்துக் கட்டிப் பிடிச்சுக்கறான், சுத்தி எல்லாரும் ஆடிட்டிருக்காங்க. எங்க வீட்டுல ஒரு சாவு விழுந்தப்ப நானும் ரெண்டு நாள் அப்படித்தான் அழாம திரிஞ்சேன், ஒரு பய முதுகுல கை வெச்சப்பதான் உடைஞ்சுது, அதனால இந்த சீனைப் பத்தி என்னால நடுநிலையா பேச முடியாது.

இப்ப ஃப்ரெடிக்கு வாங்க. எஃபிக்கு மனசு உடைஞ்சு போகுது, ஆஸ்பத்திரியில சேர்க்கறாங்க, அது வரைக்கும் பிரமாதம், ஃப்ரெடியோட அம்மா தற்கொலை பண்ணிக்கிட்டவங்கங்கறதால அவனோட பயம் நமக்கு நல்லாப் புரியும். அதுக்கப்புறம் ஜான் ஃபாஸ்டர்னு ஒரு மனநல டாக்டர், சீசன் முடியப் போற நேரத்துல வந்த ஆளு. 7வது எபிசோடு கடைசில ஃப்ரெடியை பேஸ்பால் மட்டையால அடிச்சுக் கொன்னுடறான். கதை திடீர்னு வேற ஏதோ த்ரில்லர் படத்துக்குள்ள போயிட்ட மாதிரி இருந்துச்சு. இந்தப் பசங்க வாழ்ந்த வாழ்க்கைலேருந்து அந்த சாவு வரல, வெளியிலேருந்து யாரோ கொண்டு வந்து வெச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. அதை விடக் கொடுமை, கடைசி எபிசோடுல மத்தவங்க யாருக்கும் அவன் செத்ததே தெரியாது, எங்கயோ போயிட்டான் வருவான்னு இருக்காங்க. குக் ஒருத்தன்தான் கண்டுபிடிக்கறான், "நான் குக்"னு கத்திட்டு அந்த டாக்டர் மேல பாயறான், அதோட இருட்டு. ஜாக் ஓ'கானல் நடிப்பு அந்த இடத்துல உச்சம், அதை மறுக்கவே மாட்டேன், 19 வயசுல நான் அதைப் பார்த்துட்டு கை தட்டினேன். ஆனா ஃப்ரெடிக்காக அழ ஒரு சீன் கூட அந்த நண்பர்களுக்குக் கொடுக்கல. கூடப் பிறந்தவ ஒருத்தி இருக்கா அவனுக்கு, கேரன், அவ அழுது நாம பார்க்கணுமா இல்லையா? ஜேஜேக்கு ஃப்ரெடி எவ்வளவு பெரிய துணை, அவனுக்குத் தெரிய வேண்டாமா? இந்த இடத்துலதான் நான் கட்சி மாறினேன்.

சாவை விட்டுட்டுப் பார்த்தாலும் முதல் பேட்ச்ல பெரியவங்களுக்கு கொஞ்சம் கூடுதல் இடம் இருக்குன்னு எனக்குத் தோணும், இதை அடிச்சு சொல்ல மாட்டேன், ரெண்டாவது பேட்ச்லயும் நல்ல அம்மா அப்பா கதைங்க உண்டு. ஆனா அன்வர் பர்த்டே சீன் மாதிரி ஒண்ணு அங்க எனக்குக் கிடைக்கல. மேக்ஸி ஓரினக் காதல்காரன். அதை அன்வர் தன் அப்பா அம்மாகிட்ட சொன்னாத்தான் உள்ள வருவேன்னு மேக்ஸி வெளியவே நிப்பான், அன்வருக்கு வாய் வராது. அப்பாவே வெளிய வந்து மேக்ஸியை சாப்பிடக் கூப்பிடுவார். விஷயத்தை மேக்ஸியே சொல்லிடுவான். இந்த உலகம் ஒரே குழப்பமா இருக்குப்பா, எனக்கு என் சாமி இருக்காரு, சில விஷயம் எனக்குப் புரியல, அதை அவரு ஒரு நாள் புரிய வைப்பாருங்கற மாதிரி பேசிட்டு உள்ள கூட்டிட்டுப் போவார். மாறிட்டேன்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. நம்ம வீட்டுப் பெரியவங்க சிலர் பேசறது அப்படியே இதுதான்.

மூணாவது பேட்ச்சைப் பத்தி பெருசா தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்ல, ஒரே ஒரு தடவை, அதுவும் பரீட்சை சமயத்துல அரையும் குறையுமா பார்த்தது. மெட்டல் பாட்டு கேக்கற ரிச்சும் பாலே ஆடற கிரேஸும் வர்ற கதை மட்டும் இனிப்பா மனசுல நிக்குது, கிரேஸ் சாவும் ரொம்ப வலிச்சுது. திரும்பப் பார்த்தா கருத்து மாறலாம். ஏழாவது சீசன்ல கேஸி வர்ற ரெண்டு எபிசோடு மட்டும் முழுசாப் பார்த்தேன், அமைதியா நல்லா இருந்துச்சு. எஃபி வர்றதுல நயோமிக்கு கேன்சர்னு வெச்சது பிடிக்காம பாதியில நிறுத்திட்டேன், அந்த பூனைக் கதவு சீனை மனசுல வெச்சிருக்கிறவங்களுக்கு அது தாங்காது.

எஃபியைத்தான் பார்க்கணும்னு ஆசையா இருந்தாலும் முதல் பேட்ச்லேருந்தே போங்க. முதல் சீசன்ல அவ டோனியோட வாயே திறக்காத தங்கச்சி, 8வது எபிசோடு அவளோடது. அண்ணன் மேல பஸ் மோதறதை நேர்ல பார்த்த பொண்ணு அவ, அது தெரியாம நேரா மூணாவது சீசனுக்குப் போனா சும்மா திமிர் பிடிச்ச அழகின்னு மட்டும்தான் தெரியுவா.

ரூம்மேட் கால் கட்டைப் பிரிச்சாச்சு, ஆனா நிறுத்த முடியாம மூணாவது சீசனையும் ஆரம்பிச்சுட்டான். இப்ப குக்தான் அவனுக்கு எல்லாம், நான் தப்பான பேட்ச்சை சொல்லிட்டேன்னு தினம் சண்டை போடறான். நாலாவது சீசன் 7வது எபிசோடுக்கு இன்னும் வரல. அன்னிக்கு நைட்டு நானும் பக்கத்துல உக்காந்து பார்க்கப் போறேன்.