செருகுநிரல் எங்கே ஓட வேண்டும்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

இணையச் செயலிக்குச் செருகுநிரல் (பிறர் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல்) வசதி அமைக்க உட்காரும்போது, ஹுக்குகளுக்கு (அந்த நிரல் வந்து இணையும் இடங்களுக்கு) என்ன பெயர் வைப்பது என்பதில்தான் பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. பிறர் எழுதிய நிரல் எந்த இடத்தில் ஓடப்போகிறது என்பதை அதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். பின்னாளில் மாற்ற மிகவும் கடினமான முடிவு அதுதான்.

இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் 2004-இல் வந்த 1.2 பதிப்பிலேயே, செருகுநிரலைத் தன்னுடைய பிஎச்பி மொழிச் செயலாக்கத்துக்குள்ளேயே ஓடவிடும் வழியைத் தேர்ந்துகொண்டது. ஆக்‌ஷன் (ஒரு நிகழ்வின்போது வேலை செய்வது), ஃபில்டர் (தரவை மாற்றித் திருப்பித் தருவது) என்ற இரண்டு வகை ஹுக்குகளைப் புரிந்துகொள்ள ஒரு பிற்பகல் போதும். ஆனால் இடுகையின் உள்ளடக்கத்தை மாற்றும் ஃபில்டரின் முடிவில் ரிட்டர்ன் (மதிப்பைத் திருப்பித் தரும் கட்டளை) எழுத மறந்துவிட்டால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தளத்தின் இடுகைகள் அனைத்தும் வெறுமையாகிவிடும். ஒருமுறை அந்த ஒரு வரியைத் தேடி நான் அரை நாள் செலவிட்டிருக்கிறேன். இதைவிடக் கவலை தருவது, ஒரு தொடர்புப் படிவச் செருகுநிரல்கூடப் பயனர் அட்டவணை முழுவதையும் படிக்க முடியும் என்பது. 2019-இல் 5.2 பதிப்பில் வந்த மீட்பு முறை, செருகுநிரலால் தளம் விழுந்தாலும் நிர்வாகி உள்ளே நுழைய வழிசெய்கிறது; ஆனால் அந்தச் செருகுநிரல் தரவைத் தொடுவதை அது தடுப்பதில்லை.

இணையக் கடைகள் நடத்த உதவும் ஷாப்பிஃபை இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது. அங்கே பிறருடைய செயலி அவர்களுடைய சர்வரிலேயே ஓடுகிறது. ஆர்டர் வந்ததும் வெப்ஹுக் (நிகழ்வு நடந்ததும் வேறொரு சர்வருக்குத் தானாக அனுப்பப்படும் செய்தி) வழியாக அறிவிப்புப் போகிறது, 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பப்படுகிறது. செயலி விழுந்தாலும் கடை விழாது, எந்த மொழியிலும் எழுதலாம். அதே அறிவிப்பு இருமுறை வரக்கூடும் என்பதால், அதன் அடையாள எண்ணைச் சேமித்துச் சரிபார்க்கும் பொறுப்பு செயலியை எழுதுபவருடையது. ஆனால் அறிவிப்பு போய்ச் சேரும்போது நிகழ்வு முடிந்திருக்கும்; பணம் செலுத்தும் பக்கத்தில் தள்ளுபடியைக் கணக்கிட இவ்வழி உதவாது.

அந்த இடைவெளிக்காகவே அதே நிறுவனம் வெப்அசெம்பிளி (நிரலைத் தனிமைப்படுத்தி ஓடவிட உதவும் வடிவம்) அடிப்படையிலான ஃபங்ஷன்களைக் கொண்டுவந்தது. கூடையின் விவரம் உள்ளே போகிறது, என்ன மாற்றம் வேண்டும் என்ற பட்டியல் வெளியே வருகிறது. உள்ளிருக்கும் நிரல் தரவுத்தளத்தையோ கோப்பையோ நேரடியாகத் தொட முடியாது, அது நிறைவேற்றக்கூடிய கட்டளைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பாதுகாப்பில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை என்றாலும், பிழை தேடுவது கடினம், கட்டி முடிக்கும் உழைப்பும் அதிகம்.

ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளுக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன், அங்கே விழுவது நிறுவியவரின் தளம் மட்டுமே. பல நிறுவனங்களின் தரவை ஒரே இடத்தில் வைத்திருக்கும் சேவைக்கு அது ஆகாது. வெப்ஹுக்கில் தொடங்கி, கோரிக்கையின் நடுவிலேயே பதில் தேவைப்படும் ஓரிரு இடங்களுக்கு மட்டும் வெப்அசெம்பிளியைச் சேர்க்கலாம். வெளியே ஓடும் செருகுநிரலுக்குப் பின்னர் கூடுதல் உரிமை தர ஒரு புதிய ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) போதும். உள்ளே ஓடிப் பழகிய செருகுநிரல்களோ பொது மாறிகளையும் அட்டவணைப் பெயர்களையும் நேரடியாக நம்பியிருக்கும், அவற்றை வெளியேற்ற முயன்றால் ஒவ்வொன்றையும் திரும்ப எழுத நேரிடும்.