குரோனி நேரச் சேர்வர்: உப்புவெளி விடுதியொன்றில் ஓராண்டு ஓடிய பின்

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையை ஒட்டியிருக்கும் ஒரு விடுதியின் வலையமைப்பை நான் பராமரித்து வருகிறேன். ஒரு மைக்ரோடிக் ரவுட்டர், பழைய சிஸ்கோ சுவிட்ச்கள் 3, வைபை அக்சஸ் பொயின்ட்கள் 8, கமராக்கள் 16, அவற்றின் பதிவுப் பெட்டி, வேலையாட்களின் வரவைப் பதியும் விரல்ரேகை இயந்திரம் என்று மொத்தம் 30 கருவிகள் அங்கே இருக்கின்றன. இந்த முப்பதும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காகச் சென்ற ஆண்டு ஒரு ராஸ்பெரி பை 4 கணினியில் குரோனி என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதையே விடுதிக்குரிய நேரச் சேர்வராக வைத்தேன். ஒரு மாரியும் ஒரு சுற்றுலாப் பருவமும் கடந்துவிட்ட நிலையில், அது எப்படி உழைத்தது என்பதை எழுதுகிறேன்.

இந்த வேலையைத் தொடங்க வைத்தவர் சமையலறையில் வேலை செய்யும் ஓர் அக்கா. காலை 6 மணி வேலைக்குப் பிந்தி வந்தார் என்று அவருடைய சம்பளத்தில் சில நாட்களுக்குரிய தொகை கழிக்கப்பட்டிருந்தது. “தம்பி, நான் ஆறு மணிக்கு முதலே வந்திட்டன். வேணுமெண்டா வாசல் கமராவைப் பாருங்கோ” என்றார். அவர் குறிப்பிட்ட ஒரு நாளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். விரல்ரேகை இயந்திரம் 6.08 என்று பதிந்திருந்தது. அவர் சாட்சிக்கு அழைத்த கமராவோ, அவர் வாசலால் நுழைவதை 6.31 என்று காட்டியது. சாட்சியே எதிராகத் திரும்பிவிட்டது போலத் தோன்றியது. பிறகு இரண்டையும் கைத்தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டபோது, இயந்திரம் 11 நிமிடமும் கமராப் பெட்டி 34 நிமிடமும் முந்தி ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் கழித்துப் பார்த்தால் விடை ஒன்றுதான்: 5.57. அவர் சொன்னதே உண்மை. கழித்த பணம் அடுத்த மாதம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கமராப் பெட்டியின் 34 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில்தான் நேர ஒத்திசைவைப் பற்றி நான் முறையாகக் கற்றுக்கொண்டேன். பெட்டியின் அமைவுப் பக்கத்தில் தானியங்கி நேரம் என்ற இடத்தில் சரி அடையாளம் இடப்பட்டு, ஒரு வெளிநாட்டுச் சேர்வரின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. பொருத்திக் கொடுத்தவர்கள் அத்தோடு வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். ஆனால் கமராக்கள் இணையத்துக்குப் போகக் கூடாது என்று பாதுகாப்புக்காக நானே ரவுட்டரில் தடுத்திருந்தேன். ஆகவே அந்தப் பெட்டி ஒரு தடவையேனும் தன் நேரத்தைச் சரிபார்த்ததில்லை. தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் பளிங்கை நம்பியே ஓடியிருக்கிறது. சாதாரணப் பளிங்கொன்று பத்து லட்சத்தில் 20 பங்கு பிழைத்தாலே நாளொன்றுக்கு 1.7 வினாடி, ஆண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் விலகும். 4 நிமிடத்துக்குக் காரணம் அதுதான்.

மீதி 30 நிமிடத்துக்குக் காரணம் வேறு. அந்தப் பெட்டியின் பட்டியலில் இலங்கை, உலகப் பொது நேரத்துக்கு 6 மணி முந்திய வலயத்தில் இருந்தது. மூத்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 1996 மே 25 அன்று நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு ஆறரை ஆயின. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணி பின்னுக்கு வந்து ஆறு ஆயின. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பினோம். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் “பழைய நேரமா, புதிய நேரமா” என்று கேட்டு உறுதிப்படுத்தாமல் எந்த அலுவலையும் குறித்துக்கொள்ள முடியாது. அந்தப் பழைய கணக்கு, பல ஆண்டுகள் கழித்து ஒரு கமராப் பெட்டிக்குள் உயிரோடு இருந்து, ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் கைவைத்திருக்கிறது. வலையமைப்பின் வழியே கருவிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் என்.டி.பி. முறை கொண்டுவருவது உலகப் பொது நேரத்தை மட்டுமே. அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டுவது ஒவ்வொரு கருவியின் சொந்தப் பொறுப்பு. பெட்டியில் சென்னை, டெல்லி என்று எழுதியிருந்த ஐந்தரை வரியைத் தெரிந்தெடுத்தேன். கோடைகால நேரம் என்ற தெரிவையும் அணைத்துவிட்டேன். புதிதாகக் கருவி பொருத்தும் எவரும் சேர்வர் பெயரை எழுதுமுன் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும்.

இனிக் குரோனிக்கு வருகிறேன். என்.டி.பி. முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985 இல் அதன் முதல் வரையறை வெளிவந்தது. 2024 ஜனவரியில் அவர் காலமானார். அந்த முறையைப் பின்பற்றும் மென்பொருள்கள் பலவற்றுள் குரோனியை ரிச்சர்ட் கர்னோ எழுதத் தொடங்கினார். இணைப்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களுக்கும் பொருந்தும்படி ஆக்கப்பட்டதே அதன் சிறப்பு. இணைப்பு இருக்கும் வேளையில் தன் கணினியின் கடிகாரம் எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாக ஓடுகிறது என்று அளந்து, அதை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. இணைப்புப் போனபின் அந்த அளவைக் கொண்டே திருத்திக்கொண்டு ஓடுகிறது. மாரிக் காலத்தில் மூன்று நாட்கள் பைபர் இணைப்பு இல்லாமல் இருந்து மீண்டபோது, அது விலகியிருந்த அளவு அரை வினாடியை எட்டவில்லை.

நேரத்தைப் பெற உலகளாவிய என்.டி.பி. பூல் என்ற தன்னார்வச் சேவையின் ஆசியப் பகுதியிலிருந்து 4 சேர்வர்களை வைத்திருக்கிறேன். இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. இரண்டு சேர்வர்கள் இரண்டு நேரத்தைச் சொன்னால் எது பிழை என்று எவராலும் சொல்ல முடியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை தெரியும். நான்கில் ஒன்று நின்றுபோனாலும் அந்தப் பெரும்பான்மை குலையாது. கூகுளின் பொது நேரச் சேர்வர்களை இவற்றோடு கலக்கக் கூடாது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது உலக நேரத்தில் கூட்டப்படும் லீப் வினாடியை அவை 24 மணி நேரத்துக்குப் பரப்பிச் சேர்ப்பவை. மற்றவை அப்படிச் செய்வதில்லை. கடைசி லீப் வினாடி 2016 டிசம்பர் 31 அன்று வந்தது. அடுத்தது எப்போதும் வராமலே போகலாம் என்றாலும், முரண்படும் இரண்டு வகைகளை ஒரே பட்டியலில் வைப்பது நல்ல பழக்கமன்று.

குரோனியில் எனக்கு மிகவும் பிடித்தது, அது தன் நிலையை மறைக்காமல் காட்டுவது. மூலங்களைக் காட்டும் கட்டளையை இட்டால், தெரிந்தெடுத்த சேர்வரின் முன் ஓர் உடுக்குறியும் (*), துணைக்கு எடுத்தவற்றின் முன் கூட்டல் குறியும், எட்ட முடியாதவற்றின் முன் கேள்விக்குறியும் நிற்கின்றன. பக்கத்தில் ஓர் எண் வரும்: தொடங்கியதும் 1, பிறகு 3, 7, 17, 37, 77, 177, கடைசியில் 377. முதலில் எனக்கு இதன் பொருள் விளங்கவில்லை. இது எட்டை அடியாகக் கொண்ட எண். கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்தால் 377 ஆகும். காலையில் பார்க்கும்போது 376 என்றிருந்தால் கடைசிக் கேள்வி வீணாகிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். எந்தக் கருவி எப்போது வந்து நேரம் கேட்டது என்று சொல்லும் இன்னொரு பட்டியலும் உண்டு. அதைப் பார்த்துத்தான் இரண்டு அக்சஸ் பொயின்ட்கள் ஒரு தடவைகூடக் கேட்காமல் இருந்ததைக் கண்டுபிடித்தேன். புதிதாக நிறுவியதும் குரோனி எவருக்கும் நேரம் கொடுக்காது. எந்த முகவரிகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரியில் எழுதி, தீச்சுவரில் நேரக் கேள்விகள் வரும் யூ.டி.பி. 123 என்ற வாயிலையும் திறக்க வேண்டும். பாதுகாப்புக்கு இதுவே சரி.

ஆனால் ஒரு குழி இருக்கிறது. அதில் நானே விழுந்தேன். இணையம் இல்லாதபோதும் உள்ளே உள்ள கருவிகளுக்கு நேரம் கொடு என்று சொல்லும் ஒரு தெரிவு குரோனியில் உண்டு. எனக்கு வேண்டியது அதுதான் என்று இயக்கி வைத்தேன். ராஸ்பெரி பை 4 இல் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. மாரி மழையில் ஓர் இரவு ஒரு மணியளவில் மின்சாரம் நின்று, யூ.பி.எஸ். தீர்ந்து, விடிந்த பின்தான் மீண்டும் வந்தது. பைபர் இணைப்பு வர நண்பகலாயிற்று. இடையில் அந்தச் சிறு கணினி தான் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கி, அதையே கேட்ட கருவிகளுக்கெல்லாம் உறுதியோடு கொடுத்துக்கொண்டிருந்தது. கமராவில் பார்த்தால், வெயில் ஏறிய முற்றத்தில் ஒருவர் தென்னோலை பெருக்கிக்கொண்டிருக்கிறார். மேல் மூலையில் நள்ளிரவு ஒரு மணி என்று இருக்கிறது. முன்பு ஒவ்வொரு கருவியும் தனித்தனியே பிழைத்தது. அன்று எல்லாம் ஒன்றாகப் பிழைத்தன. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

இதற்குத் தீர்வு டி.எஸ். 3231 என்ற சிறு கடிகாரச் சில்லுப் பலகை. வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்தச் சில்லு, 40 பாகை வரையான வெப்பத்தில் பத்து லட்சத்தில் 2 பங்குக்குமேல் பிழைக்காது. அதாவது ஆண்டு முழுவதும் தனியே ஓடினாலும் ஒரு நிமிடமளவே விலகும். ராஸ்பெரி பையின் ஊசிகளில் செருகி, அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலிவான பலகைகள் சிலவற்றில் மின்னேற்றும் சுற்று இருக்கிறது, அதில் மின்னேற்ற முடியாத சாதாரண வட்ட மின்கலத்தைப் போட்டால் ஆபத்து. மின்னேற்றக்கூடிய வகையைப் போட வேண்டும், அல்லது அந்தச் சுற்றைத் துண்டிக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்காற்றின் உப்பு, மின்கலம் தொடும் தகட்டில் மாதக்கணக்கில் பச்சைப் பூஞ்சணம் போலப் படிகிறது. நான் மூன்று மாதத்துக்கொரு தடவை துடைத்து வைக்கிறேன்.

இன்னொரு அமைவையும் புரிந்துகொள்ள வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழியில் வரும் வழமையான அமைவில், தொடங்கியபின் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே குரோனி நேரத்தைத் தாவிச் சரிசெய்யும்; அதன்பின் எவ்வளவு பெரிய பிழையானாலும் மெதுவாகவே இழுத்துவரும். அந்த வேகம் அதிகபட்சமாக 12 வினாடிக்கு 1 வினாடி. ஒரு மணி நேரப் பிழையைச் சரிசெய்ய 12 மணி நேரம் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பதிவுகளில் நேரம் பின்னோக்கிப் போகாமல் காக்க இது தேவை என்பதால் நான் அதை மாற்றவில்லை.

கருவிகளின் பக்கம் வேலை எளிதாகவே முடிந்தது. எல்லாவற்றிலும் பெயருக்குப் பதிலாக அந்தச் சிறு கணினியின் நிலையான முகவரியையே எழுதினேன். பெயரை முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை நின்றாலும் நேரம் நிற்காது. சிஸ்கோ சுவிட்சில் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். கடிகாரத்தைக் காட்டச் சொன்னால் நேரத்தின் முன்னால் உடுக்குறி இருப்பது, அந்த நேரத்தை நம்ப வேண்டாம் என்று பொருள்; என்.டி.பி. பட்டியலில் ஒரு சேர்வரின் முன் அதே குறி இருப்பது, இதைத்தான் பின்பற்றுகிறேன் என்று பொருள். இந்தப் பழைய சுவிட்ச்கள் மின்சாரம் வந்ததும் 1993 மார்ச் 1 இலிருந்து தொடங்குகின்றன. ஒத்திசையச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. அதுவரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மாற்றத் தொடங்கினால் மேலும் நேரம் வீணாகும்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா என்றால், தேவையில்லை. ஒரு கடைக்கோ சிறிய தங்குமிடத்துக்கோ மைக்ரோடிக் ரவுட்டரே போதும், அதன் இயங்குதளமான ரவுட்டர் ஓ.எஸ். 7 இல் நேரம் பெறும் வசதியும் கொடுக்கும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. கமராக்களின் பதிவை நாளை ஒருவர் சாட்சியாகக் கேட்கக்கூடிய இடம், மின்சாரமும் இணைப்பும் வெவ்வேறு வேளைகளில் போய்வரும் இடம் என்றால் குரோனியும் கடிகாரப் பலகையும் கொடுக்கும் உறுதி அந்தச் செலவுக்கும் உழைப்புக்கும் தகும். குறையென்று சொல்வதானால், குரோனிக்கு இணையப் பக்கம் போன்ற முகப்பு எதுவும் உடன் வருவதில்லை. எல்லாம் எழுத்துக் கோப்பிலும் கட்டளையிலும்தான். நான் விடுமுறையில் போனால் விடுதியில் இருப்பவர்களால் அதைப் பார்க்க இயலாது. ராஸ்பெரி பையின் மெமரி கார்ட் திடீர் மின்தடையில் பழுதாகக் கூடியது என்பதால், அமைத்து முடித்ததும் அதன் முழுப் பிரதியொன்றை இன்னொரு கார்டில் எடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

விரல்ரேகை இயந்திரம் மட்டும் இந்த ஒழுங்குக்குள் இன்னும் முழுமையாக வரவில்லை. அந்த மாதிரிக்கு என்.டி.பி. தெரியாது, அலுவலகக் கணினியிலுள்ள அதன் மென்பொருள் வழியாகத்தான் நேரத்தை அனுப்ப முடியும். அந்தக் கணினியைக் குரோனியோடு சேர்த்துவிட்டு, திங்கட்கிழமைதோறும் இயந்திரத்துக்கு நேரம் அனுப்புவதை வழக்கமாக்கியிருக்கிறோம். அக்கா இப்போதும் விரலை வைக்குமுன் தன் கைத்தொலைபேசியை எடுத்து ஒருமுறை பார்க்கிறார். இரண்டிலும் ஒரே நிமிடம் இருந்தால்தான் விரலை வைக்கிறார்.