47,200 ரூபாய் போய்விட்டது: "தேடினால் உங்கள் கடைதான் முதலில் வரும்" என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

இன்று காலைதான் கணக்கு முழுவதையும் பார்த்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஆறப்போட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். தேடுபொறியில் விளம்பரம் போட்டுத் தருகிறோம் என்று வந்த ஓர் இணைய விளம்பர நிறுவனத்திடம் 47,200 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். சிறிய கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தபடி தையல், பலகாரம், மசாலாப் பொடி என்று தொழில் செய்யும் பெண்கள், எல்லோரும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். பருத்தி நூல், கைத்தறி, பெரிய கட்டம், அகலமான கரை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்தும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அண்ணன் மகன் ஒரு சிறிய இணையதளம் செய்து கொடுத்தான். அதில் மாதம் ஏழெட்டுச் சேலை போய்க்கொண்டிருந்தது. தீபாவளிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் நான் செய்த தவறு.

புரட்டாசி முதல் வாரத்தில் அந்த விளம்பர நிறுவனத்துப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். வந்தவுடன் விளம்பரத்தைப் பற்றிப் பேசவில்லை. சேலைகளைப் பிரித்துப் பார்த்தான். கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒன்றை எடுத்து, "அம்மாவுக்கு வாங்கிக்கொள்கிறேன் அக்கா" என்றான். 1,450 ரூபாய். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. மடித்துப் பையில் போடும்போது கரையை ஒருமுறை தடவிப் பார்த்தான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். தன் அம்மாவுக்கு என் கடையில் சேலை எடுக்கிற பிள்ளை என்னை ஏமாற்றுவான் என்று எப்படி நினைப்பேன்?

அதன் பிறகுதான் கைப்பேசியை எடுத்தான். "காரைக்குடி கண்டாங்கி" என்று தட்டினான். முதலில் என் கடைதான் வந்தது. "இது இலவசமாக வருவது அக்கா. இதையே சென்னையிலும் பெங்களூரிலும் தேடுபவர்களுக்கும் முதலில் வரவைக்கிறேன். செயற்கை நுண்ணறிவில் ஓடும் புதிய கருவி வந்திருக்கிறது, சேலை வாங்குகிற ஆளை அதுவே கண்டுபிடித்துவிடும்" என்றான். என் கடைக்குள் நின்றுகொண்டு, என் ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடினால் என் கடை வராமல் வேறு எது வரும்? இது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்துப் பூரித்துப்போனேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

விளம்பரத்துக்கு 30,000, அவர்கள் கூலி 10,000, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 7,200. ஆக மொத்தம் 47,200 ரூபாய். அங்கேயே கைப்பேசியிலிருந்து அனுப்பினேன்.

முதல் பத்து நாள் ஒரு அழைப்புகூட வரவில்லை. கேட்டால், "கருவி கற்றுக்கொள்கிற காலம் அக்கா, இரண்டு வாரம் பொறுங்கள்" என்றான். இரண்டு வாரம் கழித்து, "தேடுபொறி தன் விதிகளை மாற்றியிருக்கிறது" என்றான். மூன்றாவது வாரம் அவன் எண் அணைந்திருந்தது. அலுவலக எண்ணில் ஒரு பெண் எடுத்தார். அன்று முதல் நான் அக்கா இல்லை, மேடம். "மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் மேடம்." "உங்கள் புகாருக்கு எண் கொடுத்திருக்கிறோம் மேடம்." "உங்களுக்கு 312 பலன்கள் கிடைத்திருக்கின்றனவே மேடம், அறிக்கையைப் பாருங்கள்." தீபாவளி வரை எனக்கு விற்றதோ மூன்றே சேலை! 312 பலன் எங்கே என்று கேட்டால், இணையதளத்தில் யாராவது அரை நிமிடம் நின்றால்கூட அதைப் பலன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

விளம்பரக் கணக்கை எனக்குத் திறந்து காட்டுங்கள் என்று ஆறு முறை கேட்டேன். அது நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, தரமுடியாது என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்று எழுதி அனுப்பிய பிறகு நேற்று இரவு பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார்கள். இன்று காலை அண்ணன் மகனும் நானும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம்.

மொத்தம் செலவானது 11,864 ரூபாய். 30,000 வாங்கியவர்கள் போட்டது 11,864. அந்தப் பணமும் எதற்குப் போயிருக்கிறது என்று கேளுங்கள். எந்தெந்தத் தேடலுக்கு நம் விளம்பரம் காட்டப்பட்டது என்று ஒரு பட்டியல் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதில் "கண்டாங்கி" என்று தொடங்கும் ஒரு சினிமாப் பாட்டைத் தேடியவர்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். பாட்டுக் கேட்க வந்தவர்கள் தவறிப்போய் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலுக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். அடுத்து "காரைக்குடி ஹோட்டல் அறை". அடுத்து "செட்டிநாடு வீடு வரைபடம்". அதற்குக் கீழே, குழந்தைகள் விளையாடும் கைப்பேசி விளையாட்டுகளுக்குள் காட்டிய விளம்பரங்கள்.

அண்ணன் மகன் விளக்கினான். தேடலில் வருகிற ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏலம் நடக்கிறது. 1998இல் கோடூ என்ற அமெரிக்கத் தேடுதளம் தொடங்கிவைத்த வழக்கம் அது. யாராவது அழுத்தினால்தான் காசு. முன்பெல்லாம் எந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்க வேண்டும் என்பதை விளம்பரம் கொடுப்பவரே எழுதிக் கொடுப்பார். இப்போது வந்திருக்கும் தானியங்கிக் கருவிகளில் சொல்லையும் இடத்தையும் இயந்திரமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது. "பாட்டு", "ஹோட்டல்" என்று வேண்டாத சொற்களை ஒரு விலக்குப் பட்டியலில் போட்டால் அந்தத் தேடல்களில் விளம்பரம் வராது. என் கணக்கில் அந்தப் பட்டியல் வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு சொல்கூட இல்லை. எந்த ஊர்க்காரர்களுக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்ற அமைப்பிலும் அப்படித்தான். அந்த ஊரில் இருப்பவர்கள், அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள் என்று இரண்டு வகை உண்டு. அதைக்கூட அவர்கள் தொடவில்லை. பொத்தானை அழுத்தி ஓடவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கா 10,000 ரூபாய் கூலி?

இதைவிட என்னை அழவைத்தது ஒன்று உண்டு. விளம்பர வாசகத்தையும் கருவியே எழுதிக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். அது "தூய பட்டுக் கண்டாங்கி" என்று எழுதியிருக்கிறது. நான் விற்பது பருத்தி. வாங்கிய மூவரில் கோயம்புத்தூர் அம்மா ஒருவர் அழைத்து, "பட்டு என்று போட்டுவிட்டுப் பருத்தியை அனுப்பியிருக்கிறாயே, உனக்கு மனசாட்சி இல்லையா?" என்று கேட்டார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்றுதான் அந்த வரியைக் கண்ணால் பார்த்தேன். பதினோரு வருடமாக ஒரு சேலையைக்கூடப் பொய் சொல்லி விற்றதில்லை. என் கடைப் பெயருக்குக் கீழே அந்தப் பொய் ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

வரியாக வாங்கிய 7,200 இருக்கிறதே, ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் ஜிஎஸ்டி பதிவு எண்ணே இல்லை. 15 இலக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் முத்திரைப் படம்.

ஆத்திரத்தில் தேடுபொறியின் உதவி எண்ணுக்கே பேசிவிடலாம் என்று மதியம் தேடினேன். மேலே வந்த முதல் எண்ணை அழைத்தேன். எடுத்தவர் மிகவும் பணிவாகப் பேசினார். உங்கள் பணம் முழுவதும் திரும்ப வரும், இந்தச் செயலியைப் பதிவிறக்கித் திரையை எங்களுக்குக் காட்டுங்கள் என்றார். நான் பதிவிறக்கவும் போய்விட்டேன். அண்ணன் மகன் கைப்பேசியைப் பிடுங்கி அணைத்தான். முதலில் வந்த அந்த எண்ணும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்தான். அது உதவி மையமே இல்லை. 47,200 போதாது என்று மிச்சமும் போயிருக்கும்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது நிதானமாக எழுதும் நிலையில் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். விளம்பரக் காசு உங்கள் அட்டையிலிருந்து நேராகத் தேடுபொறிக்குப் போகட்டும், நடுவில் இருப்பவருக்குக் கூலி மட்டும் கொடுங்கள். தேடல் பட்டியலை வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். ரசீதில் வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்த்து, ஜிஎஸ்டி தளத்தில் போட்டு உண்மையா என்று தெரிந்துகொள்ளுங்கள். வங்கி, எரிவாயு, கூரியர் என்று எதற்கானாலும் உதவி எண்ணைத் தேடல் முடிவில் மேலே வருவதிலிருந்து எடுக்காதீர்கள், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று மாலை புகார் பதிவு செய்துவிட்டேன். தொழிலுக்காக வாங்கிய சேவை என்று தள்ளிவிடுவார்கள் எனச் சிலர் பயமுறுத்துகிறார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் செய்பவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. போடப் போகிறேன்.

நாளைக் காலை தறிக்காரர் கூலி வாங்க வருகிறார். அவருக்கு 18,000 தர வேண்டும். தீபாவளி முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.