பெட்டியில் 15 கிலோமீட்டர், நடுவில் ஒரு மரம்

வீட்டு மொட்டை மாடியிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்துக்கு இணையம் கொண்டுபோக வாங்கிய 5 கிகாஹெர்ட்ஸ் அவுட்டோர் ரேடியோ ஜோடி இது. எட்டு மாதமாக ஓடுகிறது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று, பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அந்த 15 கிலோமீட்டருக்காக.

பொய் என்று சொல்லமாட்டேன், நடுவில் எதுவும் இல்லாவிட்டால் போகும்தான். என் பாதையில் ஒரு மரம். அதன் உச்சி நேர்கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழேதான் இருந்தது, மாடியில் நின்றால் அந்தப் பக்கத்துக் கம்பம் பளிச்சென்று தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று மாட்டிவிட்டேன். ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, வெள்ளரிக்காய் மாதிரி நடுவில் பருத்துப் போகும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டருக்கு, சரிபாதித் தூரத்தில் அதன் ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது கோட்டைச் சுற்றி 3 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். வெயில் நாளில் ஏதோ ஓடியது, மழையில் இலை நனைந்தால் படுத்துவிட்டது. இரண்டு பக்கமும் குழாயை இரண்டரை மீட்டர் ஏற்றிய பிறகுதான் இணைப்பு அறுபடாமல் நின்றது.

அப்புறம் திசை. மைனஸ் 74 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்) வந்ததும் சந்தோஷமாக போல்ட்டை முறுக்கிவிட்டேன். நான் பிடித்தது பக்கவாட்டில் கசியும் சின்னக் கற்றையை! இன்னொரு நாள் பொறுமையாக அகலமாகத் திருப்பிப் பார்த்தால், சிக்னல் இறங்கி, மறுபடி ஏறி மைனஸ் 58-இல் நிற்கிறது.

சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸில் வைத்தே அனுப்புகிறார்கள். வேகச் சோதனைக்கு அழகாக இருக்கும், ஆனால் அகலம் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் இரைச்சலும் இரண்டு மடங்கு. 40-க்கு இறக்கியதும் வீடியோ அழைப்பு திக்கவில்லை. டிஎஃப்எஸ் சேனல், அதாவது ரேடாரோடு பங்குபோடும் சேனல், போட்டால் ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் பேசும். இது தெரியாமல் நான் மூன்று முறை ரீபூட் செய்தேன்.

மின்சாரம் 24 வோல்ட் பாசிவ் பிஓஇ, அதாவது எதிரே என்ன கருவி என்று கேட்காமல் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் முறை, அதைக் கையேட்டில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கேபிளில் மின்சாரம் ஏற்றும் பழைய 48 வோல்ட் இன்ஜெக்டர் ஒன்று கிடந்தது, செருகப் போய்க் கடைசி நொடியில் கையை எடுத்தேன்.

கேபிள் விஷயம் முழுக்க என் தப்பு. சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டியிருக்கும். விடாததால் கேபிளைப் பிடித்துக்கொண்டே இறங்கி, அறைக்குள் அடாப்டர் தலையில் சொட்டியது. வெயில் தாங்கும் உறை, முழுச் செம்புக் கம்பி, இடி தாங்கி எல்லாவற்றையும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கூடவே தரும் பிளாஸ்டிக் டையை நம்பாதீர்கள். பலமான காற்றில் ரேடியோ மெதுவாகத் திரும்பிக்கொள்கிறது, நான் ஸ்டீல் கிளாம்ப் போட்டுவிட்டேன்.