கையா, பஃப் சக்கரமா? என்ஜின் அலுமினியத்தை வீட்டிலேயே மின்னவைக்க

ஹட்டன் பக்கம் மொரிஸ் மைனர் என்ற பழைய காரின் பொனட்டைத் திறந்தால் நாலு பேராவது கூடிவிடுவார்கள். அவர்கள் கண் முதலில் போவது என்ஜினின் தலையை மூடும் டாப்பட் கவருக்கும் கார்பரேட்டரின் மேல் மூடிக்கும்தான். இவற்றை மின்னவைக்க வீட்டில் இரண்டு வழி: தண்ணீர் தொட்டு சேண்ட் பேப்பரால் கையால் தேய்ப்பது, அல்லது பஃப் சக்கரத்தில், அதாவது மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில், பிடிப்பது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்குக் கைதான் நல்லது.

முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். மைனரோடு வந்த கவர் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். அதைத் தேய்த்து விட்டால் நம் மூடுபனியில் சீக்கிரமே துரு பூக்கும். அதற்குப் பெயின்ட்தான் சரி. பின்னால் வாங்கிப் போட்ட அலுமினியக் கவர் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

கையால் என்றால் 400 பேப்பரில் தொடங்கி 600, 800, 1000, 1500 என்று ஏற வேண்டும்; நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைசாகும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய பேப்பரின் கீறல் மிச்சமிருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். அது முழுக்கப் போகாமல் அடுத்த நம்பருக்குத் தாவினால், கடைசியில் ஒட்டோசோல் என்ற உலோகப் பாலிஷைப் பூசும்போது அந்தக் கீறல்தான் முன்னால் வந்து நிற்கும். என் கவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விரல் நுனி எரிந்தது உண்மை. ஆனால் கவரில் இருந்த எழுத்தின் ஓரம் கொஞ்சமும் மழுங்கவில்லை.

சக்கரத்தில் வேகம் உண்டு. அதை மாட்டும் பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று சுற்றும். ஆனால் சக்கரம் பேப்பர் வேலையை மிச்சப்படுத்தும் என்று பலரும் நினைப்பது தவறு. ஆழமான கீறல் அப்படியே இருக்கும், அதன் மேல் மினுக்கம்தான் ஏறும். கொஞ்சம் அழுத்தினால் எழுத்தும் விளிம்பும் உருண்டுவிடும். ஒருநாள் கவரின் மேல் விளிம்பைச் சக்கரத்துக்குக் காட்டிவிட்டேன். சக்கரம் கவரைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தது. முகம் தப்பியது பெரிய விஷயம். அச்சின் மட்டத்துக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும், விளிம்பை எதிர்கொடுக்கக் கூடாது. கையுறை வேண்டாம், தொங்கும் துணி வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இரும்பு தீட்டும் கிரைண்டரில் அலுமினியத்தைப் பிடிக்காதீர்கள், சேர்ந்திருக்கும் அலுமினியத் தூளில் தீப்பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். எழுத்தில்லாத, தட்டையான பாகங்கள் நிறைய இருந்தால் மட்டும் சக்கரம் வாங்கலாம்.

மைனரில் இருக்கும் எஸ்.யு. என்ற வகைக் கார்பரேட்டரின் மேல் மூடிக்குச் சக்கரம் வேண்டவே வேண்டாம். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு, இரண்டும் ஜோடியாகப் பொருந்தியவை. வெளிப்புறத்தை எவ்வளவும் தேய்க்கலாம். உட்புறத்தில் பேப்பரோ பாலிஷோ படக் கூடாது; பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும். மூடி கீழே விழுந்து நசுங்கினால் பிஸ்டன் சிக்கும்.

அப்புறம், மினுக்கத்தைக் காப்பாற்ற கிளியர் லெக்கர் என்ற நிறமில்லாத பூச்சு அடிப்பதா, மெழுகு பூசுவதா? லெக்கர் ஓரிடத்தில் உரிந்தால் ஈரம் அடியில் புகுந்து வெள்ளை படரும், முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். நான் மெழுகுதான் பூசுகிறேன். மழைக்காலத்தில் அடிக்கடி பூச வேண்டியிருக்கிறது, பத்து நிமிட வேலை.